மைஸ்டருக்கு வாங்கிய சுங்கான்

எங்கள் குடும்பத்தில் எவரும் புகை பிடித்ததில்லை. அப்பாவுக்குச் சிகரெட் மணம் பட்டாலே தும்மல் வரும். அப்படியிருந்தும் பத்து வயதில் நான் ஒரு புகையிலைக் கடைக்குள் நின்று, வேலை செய்துகொண்டே பிடிப்பதற்கு எந்தச் சுங்கான், அதாவது புகைக்குழாய், கனகாலம் நின்றுபிடிக்கும் என்று கடைக்காரப் பெண்ணோடு அரை மணித்தியாலம் ஆராய்ச்சி நடத்தினேன். ஜெர்மனியின் பான் நகரத்தில் அந்த வயதில் அந்தப் பெருமை எனக்கு மட்டும்தான் கிடைத்திருக்கும். அது கிடைப்பதற்குக் காரணம் அம்மாவின் சுத்தம்.

அப்பா அப்போது நகரத்தின் ஒதுக்குப்புறத்தில் ஒரு கல்லுப் பட்டறையில் வேலை செய்தார். சொந்தக்காரர் தொலைபேசியில் விசாரித்தால் அம்மா "கல்லு வேலை" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வார். என்ன கல்லு என்று யாராவது தோண்டிக் கேட்டால் லைன் சரியில்லை என்பார். விஷயம் என்னவென்றால் பட்டறை ஒரு மயானத்துக்கு நேர் எதிரே இருந்தது, அங்கே செய்தவை எல்லாம் கல்லறைக் கற்கள். அப்பா வேலையால் வந்ததும் ஒன்றையும் தொடாமல் நேரே குளியலறைக்குப் போகவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அப்பா அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை, ஆனால் சம்பளக் கடித உறையை மட்டும் அவர் குளிக்க முன்பே அம்மா வாங்கிக்கொள்வார்.

பட்டறைக்காரரை நாங்கள் மைஸ்டர் என்றுதான் சொல்லுவோம். ஜெர்மனியில் ஒரு தொழிலைக் கற்றுத் தேறி அதை நடத்துபவருக்கு அந்தப் பட்டம் உண்டு. அறுபது வயது இருக்கும். மனைவி மக்கள் இல்லை. இடது கையில் உளி, வலது கையில் சுத்தியல், பல்லுக்கிடையில் சுங்கான். பட்டறையில் இந்த மூன்றும் இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. சுங்கானைக் கையால் பிடித்துப் புகைக்க அவருக்கு நேரம் இல்லை. அதனால் பல்லால் கடித்தபடியே வேலை செய்வார், பல்லால் கடித்தபடியே கதைப்பார். சொற்கள் சுங்கானைச் சுற்றிக்கொண்டு வாயின் ஓரத்தால் வெளியே வரும்போது பாதி உள்ளேயே நின்றுவிடும். ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கே அவர் பேச்சில் அரைவாசிதான் விளங்கும். அப்பாவுக்கு ஒன்றுமே விளங்காது. எதற்கும் "யா, யா" என்று சொல்லிவிட்டு, கையில் அகப்பட்டதைக் கொண்டுபோய் நீட்டுவார். மைஸ்டர் அதை வாங்கி வைத்துவிட்டுத் தானே போய் வேண்டியதை எடுத்துக்கொள்வார். இப்படியே இரண்டு வருடம் ஓடியிருந்தது.

ஆகவே சனிக்கிழமைகளில் அரைநாள் வேலைக்கு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். வேலைக்கு மட்டுமல்ல. டொக்டர், மின்சாரக் கம்பனி, பள்ளிக்கூடம், விசா அலுவலகம் எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டின் வெளிவிவகார அமைச்சர் நான்தான். அந்தப் பதவியில் எனக்கு இருந்த கர்வத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பெரிய மனிதர்கள் இரண்டு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நான் வேண்டுமென்றே கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்றுவிட்டுத்தான் சொல்லுவேன்.

அந்த வருடம் விசா விஷயத்தில் ஒரு சிக்கல் வந்தது. அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருதரம் நீட்டித் தந்துகொண்டிருந்தார்கள். இந்த முறை அலுவலகத்துப் பெண், அப்பாவின் வேலை நிரந்தரமானது என்று முதலாளியிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றார். கடிதம் இருந்தால் இரண்டு வருடத்துக்குத் தரலாம். இல்லாவிட்டால் என்ன என்று அப்பா என்னைக் கேட்கச் சொன்னார். இல்லாவிட்டால் நீட்ட முடியுமா என்பதே யோசிக்கவேண்டிய விஷயம் என்று அந்தப் பெண் சொன்னார். அதை அப்படியே தமிழில் சொன்னேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தபோது, சொன்னவளே நான்தான் என்பதுபோல் எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. இரண்டு கிழமை கழித்து ஒரு வியாழக்கிழமைக்கு டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், போட்டுத் தந்தார்கள்.

கடிதம் தருவதாக மைஸ்டர் ஒத்துக்கொண்டார். அப்பாவின் பெயர் நீளமானது, எழுத்துப் பிழைக்கக்கூடாது, தானே வந்து பாஸ்போட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்று வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தார். அம்மா இரண்டு நாளாக ஆயத்தம் செய்திருந்தார். மைஸ்டர் எங்கள் மேசைக்கு முன் இருந்து, சுங்கானை ஒரு சோசரில் வைத்துவிட்டு, ஆறு வடை சாப்பிட்டார். பாஸ்போட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் கடதாசியில் எழுதிக்கொண்டு போனார். சுங்கானை மறந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேறு வீட்டுப் பாத்திரம் எங்களிடம் வந்தால், அது கழுவாமல் திரும்பிப் போகாது, வெறுமையாகவும் போகாது. அம்மா சுங்கானை எடுத்து உள்ளே பார்த்தார். உள்ளே கன்னங்கரேலென்று கரி பொருக்குத் தட்டியிருந்தது.

"பாவம் மனுசன், கழுவிக் குடுக்க வீட்டில ஆர் இருக்கினம்?" என்றார்.

பிறகு நடந்ததை நான் பக்கத்தில் நின்றே பார்த்தேன். சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டு ஊறவைத்தார். சின்னக் கத்தியால் உள்ளே சுரண்டினார். சட்டி மினுக்கும் கம்பித் தும்பால் தேய்த்தார். எத்தனையோ வருடத்துக் கரி ஓடிப்போய், உள்ளே மரம் புது நிறத்தில் தெரிந்தது. அதைக் காயவைப்பதற்கு ஹீட்டருக்கு மேலே வைத்தார். காலையில் அதன் கிண்ணத்துக்குள் கற்கண்டு நிரப்பி, புதுக் கைலேஞ்சித் துணியில் சுற்றி அப்பாவிடம் கொடுத்தார். அம்மாவின் முகத்தில் அவ்வளவு திருப்தி.

மைஸ்டர் பட்டறை வாசலில் வைத்தே கைலேஞ்சியை அவிழ்த்தார். கற்கண்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மற்றதை எல்லாம் சட்டைப் பைக்குள் கொட்டினார். சுங்கானின் உள்ளே விரலை விட்டுத் தடவினார். புகையிலை அடைத்துப் பற்றவைத்தார். நாலைந்து முறை இழுத்திருப்பார், 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. விளிம்பிலிருந்து அடிவரை ஒரு வெடிப்பு ஓடியது. புகை வாயால் வராமல் பக்கத்தால் வந்தது. அந்தக் கரிப் பொருக்குத்தான் மரத்தைச் சூட்டிலிருந்து காப்பாற்றும் கவசம் என்பதும், சுங்கான்காரர்கள் அதை வருடக்கணக்காக வளர்ப்பார்கள் என்பதும் எங்களுக்கு எப்படித் தெரியும்?

பரவாயில்லை என்றார் மைஸ்டர். சுங்கானை மேசை லாச்சிக்குள் வைத்தார். அன்று முழுக்க வெறும் வாயோடு வேலை செய்தார். பட்டறையில் அவர் வாய் முழுதாக மூடியிருந்ததை அன்றுதான் கண்டேன். போகும்போது கடிதத்தைப் பற்றிக் கேட்கும்படி அப்பா என் தோளைத் தொட்டார். கேட்டேன். அடுத்த கிழமை என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

பயப்படுவதற்கு அப்பாவுக்கு அதுவே போதுமாயிருந்தது.

"அந்தாளுக்கு மனம் விட்டுப்போச்சு. கடிதம் தருவாரோ தெரியாது," என்றார் வீட்டுக்கு வந்து. குளிக்கக்கூடப் போகவில்லை. "நீர் ஏனப்பா அதைக் கழுவினனீர்?"

அம்மா அழத் தொடங்கினார். ஊத்தையாகக் கொடுத்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பார், நன்றி உள்ள மனுசருக்குச் செய்கிற வேலையா அது என்று அழுகைக்குள்ளேயே கேட்டார். அது நியாயமான கேள்விதான். கடைசியில், புதுச் சுங்கான் ஒன்று வாங்கிக் கொடுப்பது, அதுவும் கல்லில் விழுந்தாலும் உடையாத ஒன்றாகப் பார்த்து வாங்குவது என்று முடிவாயிற்று. டார்ம்ஸ்டாட்டில் இருந்த மாமாவிடம் தொலைபேசியில் ஆலோசனை கேட்டார்கள். மாமாவுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. "கையில வைச்சால் கனக்கவேணும். கனதிதான் அசல்," என்றார். அம்மாவும் தலையாட்டினார். பானையோ சட்டியோ எதை வாங்கினாலும் அம்மா முதலில் கையில் தூக்கிப் பார்ப்பார். பாரம் இல்லாததை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவார்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் முடிந்ததும் அப்பாவும் நானும் போனோம். கடையில் நரைத்த கூந்தலோடு ஒரு பெண் இருந்தார். என்னைக் கண்டதும், உனக்கில்லைத்தானே என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை, உத்தியோக விஷயமாக வந்திருந்தேன். புகைக்கிறவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். கல் செதுக்குகிறவர். இரண்டு கையும் வேலையாக இருக்கும். எப்போதும் பல்லாலேயே பிடிப்பார், கடித்துக் கடித்து முனையில் பள்ளம் விழுந்திருக்கும். குனியும்போது சில நேரம் நழுவிக் கல்லில் விழும். மழைக்காலத்தில் வெளியே நிற்பார். துப்பரவாக்குவது கிடையாது, தூசி எக்கச்சக்கம். அந்தப் பெண் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு மூன்று சுங்கான்களை மேசையில் வைத்தார். ஒன்று சின்னது, வளைந்தது, வெளிப்புறம் சொரசொரப்பானது. வேலை செய்கிறவருக்கு இதுதான் என்றார். பாரம் இல்லாததால் பல்லுக்கு நோகாது, வளைந்திருப்பதால் நாடியோடு ஒட்டித் தொங்கும், சொரசொரப்பில் கீறல் விழுந்தாலும் தெரியாது, கடிக்கிற முனைக்கு ரப்பர் உறை போடலாம். விழுந்தாலும் பாரம் இல்லாதது இலகுவில் வெடிக்காது. இவ்வளவையும் நான் அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா அதைக் கையில் எடுத்தார். அம்மாவைப்போலவே மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். வைத்துவிட்டார். இரண்டாவதையும் வைத்தார். மூன்றாவது, கொழுத்த கிண்ணமும் தடித்த சுவரும் உள்ள ஒன்று. அதைத் தூக்கியதும் முகம் மலர்ந்தது.

"இது கனகாலம் நிக்குமோ எண்டு கேள், பிள்ளை."

கேட்டேன். அந்தப் பெண் சிரித்தார். இது உங்கள் எல்லோருக்கும் பிறகும் இருக்கும், ஆனால் பல்லால் பிடிக்க ஏலாது, வேலை செய்கிற ஆளுக்கு உதவாது, இது கதிரையில் இருந்து ஆறுதலாகப் புகைக்கிறவருக்கு உரியது என்றார். சொல்லும்போதே ஒரு கையால் தன் நாடியைப் பிடித்து, தாடையைக் கீழே இழுத்துக் காட்டினார். உன் அப்பாவிடம் சொல்லு என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் அந்தப் பெரிய சுங்கானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போது கண்ணுக்குத் தெரிந்தது அந்தக் கடிதம் மட்டும்தான். சின்னதைக் கொடுத்தால் மலிவுச் சாமான் என்று மைஸ்டர் நினைப்பார், கோபம் ஆறாது, கடிதம் வராது, எங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்த சிநேகிதியின் முகம்கூட ஞாபகம் வந்தது.

"உங்களுக்குப் பிறகும் இருக்குமாம் எண்டு சொல்லுறா," என்றேன். மிச்சத்தை விழுங்கிவிட்டேன்.

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதையே கட்டித் தரச் சொன்னார். கடைக்காரப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கட்டித் தந்தார்.

சனிக்கிழமை மைஸ்டர் பொதியைப் பிரித்தார். இந்த முறை கற்கண்டு வைக்கவில்லை. அவர் சுங்கானைக் கையில் எடுத்ததும் புருவத்தை உயர்த்தினார். பல்லுக்கிடையில் வைத்துக் கையை எடுத்தார். அது அப்படியே கீழ்நோக்கிச் சாய்ந்தது, நாடியும் அதோடு இறங்கியது. அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். மைஸ்டர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உளியையும் சுத்தியலையும் கீழே வைத்தார். ஒரு மரப்பெட்டியைக் காலால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இன்னொரு பெட்டியை அப்பாவுக்குக் காட்டினார். முதலாளிக்கு முன்னால் இருந்து பழக்கமில்லாத அப்பா நெளிந்து நெளிந்து கடைசியில் இருந்தார். மைஸ்டர் ஒரு சுங்கான் முழுவதையும் இருந்தே புகைத்து முடித்தார். பிறகு எழும்பிப் போய் ஒரு கடித உறையோடு வந்தார்.

கடிதம் நன்றாக இருந்தது. எங்கள் நீளமான பெயரில் ஒரு எழுத்துக்கூடப் பிழைக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது அப்பா அதை மூன்று முறை எனக்கு வாசிக்கச் சொன்னார்.

அதோடு கதை சுபமாக முடிந்திருக்கவேண்டும். ஆனால் மறுநாள் சாப்பாட்டு மேசையில் அப்பா, "வியாழக்கிழமை நீ பள்ளிக்கூடம் போ, பிள்ளை. நான் தனியப் போறன்," என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டெர்மினுக்கு நான் இல்லாமல் அவர் போனதே கிடையாது. உங்களுக்குக் கதைக்க ஏலாதே என்றேன். ஏலும் என்றார். அவ்வளவுதான்.

கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். நான் மறைத்ததைக் கண்டுபிடித்து என்னைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார். வியாழன் பின்னேரம் இரண்டு வருட விசாவோடு அப்பா வந்தார். அம்மா பாயசம் காய்ச்சினார். நான் ஒரு மூலையில் இருந்து கோபத்தோடு இரண்டு கிண்ணம் குடித்தேன். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அப்பா என்னைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. டொக்டரிடமும் தனியாகவே போனார். ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் மைஸ்டர் வேலையை நிறுத்திப் பெட்டியில் இருந்து புகைக்கிறாராம், சுங்கானைக் கையில் எடுத்துக்கொண்டு கதைப்பதால் எல்லாம் விளங்குகிறதாம் என்று அம்மாவிடம் சொல்வார். அந்தப் பெட்டியில் இருந்தே அப்பா ஜெர்மன் பழகினார். இன்றைக்கும் அவர் பேசும் ஜெர்மனில் கல் செதுக்குகிறவர்களின் கெட்ட வார்த்தைகள் இரண்டு மூன்று, கெட்டவை என்று தெரியாமலேயே, கலந்திருக்கின்றன. மைஸ்டருக்கு அந்தச் சுங்கான் அவ்வளவு பிடித்துப்போனது என்று நான் நினைத்தேன். என் பொய் இவ்வளவு நன்றாகப் பலித்தும் எனக்குத்தான் தண்டனை என்று பல வருடம் மனத்தாங்கல் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவின் முழங்கால் வலிக்காக ஒரு ஆஸ்பத்திரியில் காத்திருந்தோம். அவருக்கு நான் தேவையில்லை, கார் ஓட்டத்தான் போயிருந்தேன். எங்களுக்கு முன்னால், எந்த நாட்டவர்களோ, ஒரு தாயும் ஒன்பது பத்து வயதுப் பெண் பிள்ளையும் டொக்டரோடு நின்றார்கள். டொக்டர் நீளமாக ஏதோ சொன்னார். பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு மிகச் சிறிதாக ஒன்று சொன்னது. நான் அப்பாவின் பக்கம் திரும்பினேன்.

"அப்பா, அண்டைக்குச் சுங்கான் கடையில அவ சொன்னதை நான் முழுக்கச் சொல்லேல்லை," என்றேன்.

"தெரியும்."

"எப்பிடி?"

"அவ நாடியைப் பிடிச்சு இழுத்துக் காட்டினவ எல்லே. அதுக்கு ஜெர்மன் வேணுமே? மைஸ்டருக்கும் வாயில வைச்ச உடனை அது பல்லுக்குச் சரிவராது எண்டு தெரிஞ்சிட்டுது. அவரும் ஒண்டும் சொல்லேல்லை."

பிறகு ஏன் அதையே வாங்கினீர்கள் என்று கேட்டேன். அப்பா அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பொய் சொல்லேக்க உன்ர முகத்தைப் பாத்தன். கடிதம் வராது எண்டு பயந்துபோய் நிண்டனீ. அந்தப் பயம் என்ரையெல்லோ, பத்து வயசுப் பிள்ளை அதை ஏன் சுமக்கவேணும்? அந்த இடத்தில வைச்சு உன்னைப் பொய்க்காரி ஆக்க எனக்கு மனம் வரேல்லை. இனி எங்கையும் உன்னைக் கூட்டிக்கொண்டு போறேல்லை எண்டு அப்பவே நினைச்சன். விசாக் கந்தோரில என்ன கேப்பினம் எண்டு மைஸ்டரிட்டைக் கேட்டன். மூண்டு நாள் பெட்டியில இருத்தி வைச்சுச் சொல்லித் தந்தவர்."

எங்களைக் கூப்பிட்டார்கள். அப்பா எழும்பித் தன்பாட்டில் உள்ளே போனார், நான் வெளியே இருந்தேன். அந்த வியாழக்கிழமை காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் வகுப்புக்கு நீச்சல் பாடம். டெர்மின் நாட்களில் எல்லாம் அப்பாவோடு போய்விடுவதால் எனக்கு அது அடிக்கடி தவறிப்போகும். அன்று முதல்முறையாகக் கடைசிவரை நின்று, மற்றப் பிள்ளைகளோடு தண்ணீருக்குள் குதித்துக் குதித்து விளையாடினேன். அப்பா அந்த நேரத்தில் அலுவலகத்தில் தனியே தன் பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றிருப்பார். நானோ அவர் என்னை ஒதுக்கிவிட்டார் என்ற கோபத்தில் இருந்தேன். அவர் எனக்குத் தந்த விளையாட்டைத்தான் விளையாடிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.